வழி தெரியாதவளின் மலை ஓட்டம்

எனக்கு வழி தெரியாது என்பது எங்கள் சொந்தக்காரர் மத்தியில் ஊரறிந்த சங்கதி. பாரிஸில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தோம். கை கழுவப் போன நான் திரும்பி வரும்போது, அதே கட்டடத்தின் மேல்மாடியில் நடந்த இன்னொரு தமிழ்க் கலியாணத்துக்குள் நுழைந்து, வரிசையில் நின்று, முன்பின் தெரியாத மணமக்களுக்கு அறுகரிசி போட்டு வாழ்த்திவிட்டு வந்தேன். நடந்தது உண்மை. ஆனால் நடந்தது ஒருதரம். அதை என் கணவர் எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்பது அவருக்கே தெரியாது. பிறந்தநாள் வீட்டிலும் சொல்வார், செத்தவீடு கழிந்த அந்தியேட்டியிலும் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், சிரிக்காவிட்டால் கோபக்காரி என்ற பெயரும் சேர்ந்துவிடும் என்பதற்காக.

அந்த மணமக்கள் என் கையால் விழுந்த அரிசியால் கெட்டா போயிருப்பார்கள்? நன்றாகத்தான் இருப்பார்கள்.

பகிடியாகத் தொடங்கியது மெல்ல மெல்ல வீட்டுச் சட்டமாகிவிட்டது. ஜெர்மன் நகரான டோர்ட்மண்டுக்கு நான் மணப்பெண்ணாக வந்து வருடங்கள் ஓடியும், வேலைக்குப் போகும் ட்ராம் பாதை ஒன்றைத் தவிர வேறெங்கும் நான் தனியாகப் போவதில்லை. மற்ற இடமெல்லாம் அவர் ஏற்றி இறக்குவார். இரண்டாம் முறை எழுதி எடுத்த என் வாகன அனுமதிப்பத்திரம் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. அவருக்குப் பொதி விநியோக வான் ஓட்டும் வேலை. அந்த நகரத்தில் எந்தத் தெருவில் எந்த இலக்கத்துக்குப் பிறகு எந்த இலக்கம் வரும் என்று நித்திரையிலும் சொல்வார். வழி என்பது அவருடைய சொத்து. அதில் எனக்குப் பங்கில்லை என்பதுபோல வாழ்ந்து பழகிவிட்டோம்.

அந்த வருடம் கோடை தொடங்கும்போது எனக்கு ஒரு வேலை வந்தது. நான் முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாளராக இருந்தேன். ஒரே தாழ்வாரம், இரு பக்கமும் கதவுகள், மேலே இருப்பவர் சொல்லும் ஆளைக் குளிப்பாட்டி, சொல்லும் நேரத்துக்குச் சாப்பாடு கொடுக்கவேண்டும். எங்களோடு முன்பு வேலை செய்த ஒருத்தி, வீடு வீடாகப் போய் முதியோரைப் பார்க்கும் சிறிய நிறுவனம் ஒன்றுக்கு மாறியிருந்தாள். அங்கே ஆள் தேவை என்று என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் ஒரு சின்னக் கார் தருவார்கள். காலையில் தெருத் தெருவாகப் போய், வீட்டுச் சாவியால் கதவைத் திறந்து, ஒரு கிழவரை எழுப்பி உட்காரவைத்து, மருந்து கொடுத்து, அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும். அந்த வீட்டுக்குள் நிற்கும் நேரம் முழுக்க நான்தான் பொறுப்பு. எனக்கு அந்த வேலை வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது. இதற்கு முன் எந்த வேலைக்கும் நான் ஆசைப்பட்டதில்லை, கிடைத்ததைச் செய்தவள்.

கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார்.

“விடியக்காலமை இருட்டுக்கை, பனிக்குள்ளை, உமக்கு எங்கை வழி பிடிபடப் போகுது? கிழவி இஞ்சை கட்டில்லை காத்துக்கொண்டு கிடக்கும். நீர் அடுத்த ஊர் எஸனிலை போய் நிப்பீர்.”

“பழகினால் தெரியும்தானே.”

“வழி பழகி வாறதில்லை. அது தலைக்குள்ளை இருக்கவேணும்.”

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். விடுமுறை முடிந்து வரும் திங்கட்கிழமை அந்த நிறுவனத்தில் எனக்கு டெர்மின், நேரம் குறித்த சந்திப்பு. அன்றைக்கு ஓம் அல்லது இல்லை சொல்லவேண்டும். அதுவரைக்கும் யோசிப்போம் என்று கணவர் சொன்னார். யோசிப்பதென்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

விடுமுறைக்கு மலைக்குப் போவோம் என்றது மகள். அவளுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் ஒரு விளையாட்டுக் குழுவில் சேர்ந்திருந்தாள். காட்டுக்குள் தேசப்படமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு, மறைத்துக் கட்டியிருக்கும் சின்னக் கொடிகளை ஒவ்வொன்றாகத் தேடி ஓடும் விளையாட்டு. ஜெர்மன் மொழியில் அதற்கு வாய்க்குள் அடங்காத பெயர். நாங்கள் வீட்டில் ‘கொடி ஓட்டம்’ என்றோம். அந்தக் கழகம் அல்கோய் மலையில் குடும்பங்களுக்கென்று ஒரு வார முகாம் நடத்தியது. மகளின் தோழிகள் எல்லோரும் தாய் தகப்பனோடு வருகிறார்களாம். “எங்கடை ஆக்கள் மட்டும் கோடையிலை லண்டனுக்குப் போய்ச் சொந்தக்காரற்றை சோபாவிலை படுக்கிறது,” என்றாள். அடுத்த நாளே கணவர் முகாமுக்குப் பணம் கட்டினார்.

வழி சொல்லும் கருவி அந்த நாட்களில் எல்லா வாகனத்திலும் வரவில்லை. எங்கள் காரில் அந்தக் கருவி நான். தடித்த வீதிப்படப் புத்தகம் என் மடியில் கிடக்கும். டோர்ட்மண்டிலிருந்து தெற்கே அல்கோய் நீண்ட தூரம், பெரும்பாலும் ஓட்டோபான் என்ற அதிவேக வீதி. தெற்கே போகும்போது நான் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிடிப்பேன். அப்போதுதான் படத்தில் வலது பக்கம் இருப்பது வெளியேயும் வலது பக்கம் இருக்கும். இது எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. கணவருக்கு இது கண்ணில் குத்தும்.

“உதை நேரை பிடியுமப்பா. எழுத்தெல்லாம் தலைகீழாய் நிக்குது. பாக்கிறவன் என்ன நினைப்பான்?”

“ஓட்டோபானிலை ஆர் வந்து என்ரை மடியைப் பாக்கிறது?”

நேராகப் பிடித்தேன். அடுத்த பிரிவில் வலது என்று சொல்லவேண்டிய இடத்தில் இடது என்றேன். ஊல்ம் நகரைத் தாண்டிய பிறகு இருபது கிலோமீற்றர் திரும்பி வந்தோம். அவர் பேசவில்லை. பேசாமல் இருந்தது பாரிஸ் கதையைவிட அதிகமாகக் குத்தியது.

முகாம் வீடு சரிவில் நின்ற ஒரு பழைய மரவீடு. மேலே படுக்கையறைகள், கீழே பொதுச் சமையலறை. சுற்றிலும் புல்வெளி, மாட்டுமணிச் சத்தம், அதற்கு மேலே காடு, காட்டுக்கு மேலே மொட்டைப் பாறை. ஏழெட்டுக் குடும்பங்கள் வந்திருந்தன. நாங்கள் மட்டும் கறுப்பு. நான் முதல் நாளே செத்தல் மிளகாயைத் தாளித்தேன். சமையலறையில் நின்றவர்கள் தும்மிக்கொண்டு வெளியே ஓடினார்கள். மகள் வெட்கப்பட்டாள். நான் வெட்கப்படவில்லை. இரண்டாம் நாள் அதே ஆட்கள் தட்டைக் கொண்டு வந்து பருப்புக்கறி கேட்டார்கள்.

அங்கே ஒரு தகப்பன், நல்ல மனிதர், என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். உங்களுக்குக் காட்டுக்குள் போவது கஷ்டமாக இருக்குமே, பழைய நினைவுகள் வருமே என்றார். என்ன நினைவு என்று கேட்டேன். போருக்குத் தப்பி வந்தது, எல்லை கடந்தது என்று இழுத்தார். நான் விமானத்தில் பிராங்போர்ட்டில் வந்து இறங்கியவள், கோழியும் சோறும் தந்தார்கள், கோழி வேகவில்லை என்றேன். அவர் முகம் ஏமாந்துபோனது. எங்கள் ஆட்களில் காடு கடந்து வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பட்டது அவர்களுடையது. காடு என்றதும் நான் அழவேண்டும் என்று ஒருவர் எதிர்பார்த்தால், அவருக்காக நான் அழத் தயாராக இல்லை. காட்டுக்குள் போக எனக்கிருந்த பயம் வேறு. கணவர் சொல்வது சரியாகிவிடுமோ என்ற பயம்.

பயிற்றுநர் முப்பது வயதுப் பெண். குட்டை மயிர், முழங்காலெல்லாம் முள் கீறிய தழும்பு. முதல் வகுப்பில் எல்லோர் கையிலும் ஒரு படத்தையும் திசைகாட்டியையும் கொடுத்துவிட்டு அவள் சொன்ன முதல் வசனம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. “படத்தைத் திருப்புங்கள்.”

படத்தின் வடக்கும் நிலத்தின் வடக்கும் ஒரே பக்கம் பார்க்கும்வரை திருப்பவேண்டும், எழுத்து தலைகீழாக வந்தாலும் பரவாயில்லை, எழுத்து படிக்க யாரும் காட்டுக்கு வரவில்லை என்றாள். நான் கணவரைப் பார்த்தேன். அவர் மும்முரமாகத் தன் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். மகள் என் காலை மேசைக்குக் கீழே உதைத்தாள். நான் என் படத்தைத் தலைகீழாகத் திருப்பி, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தேன்.

இன்னொன்றும் சொன்னாள். வழி பிழைத்தால் முன்னுக்கு ஓடாதீர்கள், நிச்சயமாகத் தெரிந்த கடைசி இடத்துக்குத் திரும்பிப் போங்கள். எல்லோர் கழுத்திலும் ஒரு விசில் கட்டிவிட்டாள். முற்றாகத் தொலைந்தால் ஊதவேண்டும், ஆள் வரும்.

அந்த வாரம் முழுக்க மூவரும் சேர்ந்தே கொடி தேடினோம். ஒவ்வொரு கொடியும் செம்மஞ்சளும் வெள்ளையுமான துணிக்கூடு. அதில் ஒரு ஊசிக்குறடு தொங்கும். அதால் நம் அட்டையில் துளை போடவேண்டும். ஒவ்வொரு குறடும் ஒவ்வொரு விதமான துளை போடும், ஏமாற்ற முடியாது. கணவர் காட்டிலும் வானோட்டிதான். பாதை இருந்தால் மட்டும் போவார். கொடி பாதையிலிருந்து ஐம்பது அடி உள்ளே இருந்தால், அவர் பாதையில் நின்று அங்குமிங்கும் பார்த்து, “இலக்கம் போடேல்லை,” என்று முறையிடுவார். மகள் மான்குட்டிபோல முன்னே பாய்வாள். நான் படத்தைத் திருப்பித் திருப்பி நடுவில் வருவேன். சில கொடிகளை நான்தான் முதலில் கண்டேன். ஒருதரம் அவர், “பரவாயில்லையே,” என்றார். அதற்குள்ளேயே ஒரு ஆச்சரியம் இருந்தது, அதை நான் மன்னிக்கவில்லை.

கடைசி நாள் அஞ்சலோட்டம். ஒவ்வொரு குடும்பத்திலும் மூன்று பேர், ஒருவர் வந்து கையைத் தட்டியதும் அடுத்தவர் ஓடவேண்டும். ஆளுக்கொரு சுற்று, தனியாக. மூவருடைய அட்டையிலும் எல்லாத் துளையும் இருந்தால்தான் அந்தக் குடும்பம் ஓடி முடித்ததாகக் கணக்கு.

அதற்கு முதல் நாள் பின்னேரம் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். யன்னலுக்கு வெளியே கணவரின் ஜெர்மன் கேட்டது. பயிற்றுநரிடம் கேட்கிறார், என் மனைவியின் சுற்றையும் நானே ஓடலாமா, அவளுக்கு வழி கண்டுபிடிக்க வராது, குழம்பிவிடுவாள். பயிற்றுநர் கேட்டாள், உங்கள் மனைவி அப்படிச் சொன்னாரா? கணவர் சொன்னார், அவள் சொல்லமாட்டாள், எனக்குத் தெரியும்.

கத்தியை வைத்துவிட்டு வெளியே போனேன். பயிற்றுநர் முன்னால் தமிழில் சண்டை பிடிப்பது மரியாதையில்லைதான். பிடித்தேன்.

“ஆரைக் கேட்டு என்ரை ஓட்டத்தை வாங்கப் போறியள்?”

“உமக்கு நல்லதுக்குத்தான். எல்லாருக்கும் முன்னாலை அவமானப்படக் கூடாதெண்டு.”

“அவமானம் எனக்குத்தானே வரும். வரட்டும்.”

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு சமாதானம் செய்யும் குரலில் ஒன்று சொன்னார். அவர் அதைப் பெருந்தன்மையாகத்தான் நினைத்துச் சொன்னார், அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. “சரி, நாளைக்கு எல்லாக் கொடியையும் கண்டுபிடிச்சுக்கொண்டு வாரும். வந்தால் அந்த வேலைக்குப் போம். நான் குறுக்கை நிக்கமாட்டன்.”

“நான் உங்களிட்டைச் சோதினை எழுத வரேல்லை,” என்றேன். “கொடியும் எடுப்பன். வேலையைப் பற்றித் தனியா யோசிப்பன். ரெண்டையும் முடிச்சுப் போடாதையுங்கோ.”

சொல்லிவிட்டேனே தவிர, முடிச்சு விழுந்துவிட்டது. அன்றிரவு அவர் வழமைபோல் நன்றாக நித்திரை கொண்டார். நாளைக்கு ஒரு கொடி தவறினாலும் திங்கட்கிழமை ‘இல்லை’ என்று சொல்ல என் வாயே திறந்துவிடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவர் சொல்லித்தான் அப்படி ஆகவேண்டும் என்றில்லை. இத்தனை வருடத்தில் அவர் சொன்னதை நானும் நம்பத் தொடங்கியிருந்தேன்.

காலையில் அவர் முதலில் ஓடினார். பாதை பாதையாகப் போய், வேர்த்து விறுவிறுத்து, எல்லாத் துளையோடும் வந்தார். மகள் பறந்துபோய்ப் பறந்து வந்தாள். அவள் என் உள்ளங்கையைத் தட்டியபோது எங்கள் குடும்பம் மூன்றாவதாக நின்றது. “அம்மா, ஆறுதலாப் போங்கோ,” என்றாள். அவள் கண்ணில் மூன்றாம் இடம் மின்னியது. அதையும் சுமந்துகொண்டு காட்டுக்குள் போனேன்.

முதல் கொடி ஓடைக்கரையில். இரண்டாவது ஒரு பெரிய பாறைக்குப் பின்னால். மூன்றாவதற்குப் பாதையை விட்டிறங்கி, திசைகாட்டியின் ஊசியை நம்பி, ஊசியிலை மரங்களுக்கிடையே ஏறினேன். நிமிர்ந்தால் செம்மஞ்சள் துணி கண்முன்னால் ஆடுகிறது. அந்த நேரம் வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் அனுபவித்ததில்லை, பிறகும் குறைவு. காட்டில் ஒருவரும் இல்லை. “பாத்தியளா?” என்று சத்தமாகக் கேட்டேன். நாலாவதையும் எடுத்தேன். இன்னும் மூன்றுதான்.

ஐந்தாவதுக்குப் போகும் வழியில் நாலு பாதை கூடுமிடத்தில் மாதா நின்றாள். மரக்கூரை போட்ட சின்னக் கூட்டுக்குள், நீலப் போர்வை, காலடியில் யாரோ வைத்த வாடிய பூ. நாங்கள் சைவம். ஆனால் வருடத்துக்கு ஒருதரம் கெவலார் ஊர் மாதா கோயிலுக்குப் போகாத சைவக்காரர் டோர்ட்மண்டில் குறைவு. மாதாவைக் கண்டுவிட்டுக் கும்பிடாமல் போக என் காலுக்குத் தெரியாது. சப்பாத்தைக் கழற்றினேன். திங்கட்கிழமைக் காரியம் சரிவரவேணும் தாயே என்று கேட்டேன். கேட்டால் போதுமா? கூட்டைச் சுற்றிப் புல் சமமாக இருந்தது. கைகூப்பிக் கண்ணை அரைவாசி மூடி மூன்று தரம் வலம் வந்தேன். பிறகு ஒரு கல்லில் இருந்து சப்பாத்தைப் போட்டேன், எழும்பினேன், முகத்துக்கு நேரே இருந்த பாதையால் ஓடினேன்.

அது பிழையான பாதை. மூன்று சுற்றுச் சுற்றியதில் எந்தப் பக்கத்தால் வந்தேன் என்பது கலைந்துபோயிருந்தது. கலைந்தது தெரிந்திருந்தால் திசைகாட்டியைப் பார்த்திருப்பேன். மனம் நிறைந்திருந்தபடியால் பார்க்கவில்லை. பாதை நன்றாக இருந்தது, இறக்கமாக இருந்தது, அம்மன் கூட வருகிறாள் என்ற துணிவில் பாடிக்கொண்டு ஓடினேன்.

காடு முடிந்து புல்வெளி வந்தபோதுதான் நின்றேன். படத்தில் அந்தப் பக்கம் புல்வெளியே இல்லை. திருப்பிப் பார்த்தேன். மறுபடி திருப்பினேன். ஒன்றும் ஒன்றோடு பொருந்தவில்லை. கணவரின் குரல், பாரிஸ் கலியாணம், கட்டிலில் காத்துக் கிடக்கும் கிழவி, எல்லாம் ஒரேயடியாக வந்து தலையில் ஏறின. வேலியில் சாய்ந்துகொண்டு அழுதேன். ஒரு மாடு வந்து பார்த்துவிட்டுப் போனது.

விசிலை வாயில் வைத்தேன். ஊதினால் ஆட்கள் வருவார்கள், கையைப் பிடித்துக் கூட்டிப் போவார்கள், அவர் இனி மலையையும் சேர்த்துக் கதை சொல்வார். விசிலை எடுத்துவிட்டேன். பட்டப்பகல். கால் இருக்கிறது, வாய் இருக்கிறது. ஆற்றில் விழுந்தவளா நான்?

புல்வெளியின் அந்தப் பக்கத்தில் ஒரு பண்ணைவீடு. வாசலில் ஒரு பெண் பால் வாளிகளைக் கழுவிக்கொண்டு நின்றாள். படத்தை நீட்டி, நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்டேன். அவள் கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். பிறகு படத்தின் விளிம்பையும் தாண்டி, வெறும் காற்றில் விரலை வைத்தாள். இங்கே, என்றாள். நான் படத்துக்கு வெளியே வந்துவிட்டிருந்தேன். எனக்கு ஏனோ சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். காரில் ஏறு, முகாம் வீட்டில் விடுகிறேன் என்றாள்.

அந்தக் கார் எனக்கு எவ்வளவு ஆசையாகத் தெரிந்தது என்று சொல்லமுடியாது. வேண்டாம் என்றேன். மாதா நிற்கும் இடத்துக்கு எது பாதை என்று மட்டும் காட்டச் சொன்னேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு, நான் வந்த பாதையையே காட்டினாள். எனக்கு நிச்சயமாகத் தெரிந்த கடைசி இடம் அதுதான்.

இறங்கும்போது ஓடிய பாதை ஏறும்போது என் உயிரை வாங்கியது. மாதாவிடம் வந்ததும் முதலில் படத்தைத் திருப்பி, ஊசியைப் பார்த்து, போகவேண்டிய பாதையில் ஒரு காலை வைத்துக்கொண்டேன். பிறகு நின்ற நிலையிலேயே தலையைத் திருப்பிக் கும்பிட்டேன். கோபிக்கமாட்டாள் என்று நினைக்கிறேன்.

ஐந்தாவது கிடைத்தது. ஆறாவது கிடைத்தது. ஏழாவது ஒரு விழுந்த மரத்தின் வேரடியில் என்று படம் சொன்னது. மரம் இருந்தது, வேர் இருந்தது, கொடி இல்லை. மண்ணில் தடி குத்தியிருந்த துளை மட்டும் புதிதாக இருந்தது. நேரம் முடிந்து, கொடிகளைக் கழற்றிக்கொண்டு போகத் தொடங்கிவிட்டார்கள். நான் இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறேன், ஆனால் துளை போடக் குறடு இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் தாலிக்கொடியில் எப்போதும் கொழுவி வைத்திருக்கும் சேப்டிபின்னைக் கழற்றி, அட்டையில் ஏழாம் கட்டத்தில் குத்தினேன். செல்லாது என்று தெரியும். குத்தினேன்.

காட்டு விளிம்பில் என்னைத் தேடப் புறப்பட்டவர்கள் நின்றார்கள். பயிற்றுநர் ஓடிவந்து, ஏன் விசில் ஊதவில்லை என்று கடுமையாக ஏசினாள். அந்த ஏச்சு நியாயம், வாங்கிக்கொண்டேன். கணவர் என் இரு கைகளையும் பிடித்தார். “எங்கை போட்டீர்?” என்றார். முகம் வெளிறியிருந்தது. அவர் என்மேல் வைத்திருக்கும் அன்பில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. அதனால்தான் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மாதாவைச் சுற்றியதைச் சொன்னேன். மகள் ஜெர்மனில் மற்றவர்களுக்குச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து உண்மையாகவே சிரித்தேன். மகள் அட்டையைப் பார்த்துவிட்டு, “அம்மா, இந்தக் கடைசித் துளை செல்லாது. நாங்கள் ஓட்டத்திலை இல்லை,” என்றாள். அவளுக்குக் கவலைதான். ஆனாலும் கொண்டுபோய் மேசையில் கொடுத்தாள். எங்கள் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டார்கள்.

பயம் தெளிந்ததும் கணவருக்குப் பழைய குரல் வந்தது. என் தோளில் கை போட்டு, அன்பாகவே சொன்னார்.

“நான் அப்பவே சொன்னனான். சரி, பரவாயில்லை. இதோடை அந்த வேலைக் கதையை விடுவம், என்ன?”

“இல்லை. போறன்.”

“தொலைஞ்சு போட்டு வந்து நிக்கிறீர்.”

“ஓம். தொலைஞ்சனான். ஒருத்தரும் வந்து கூட்டிக்கொண்டு வரேல்லை, நானாத்தான் வந்தனான். தொலைஞ்சால் என்னாகுமோ எண்டு இவ்வளவு காலமும் எனக்குப் பயம். இண்டைக்குத் தொலைஞ்சு பாத்திட்டன். அவ்வளவுதான் அது. கொஞ்சம் பிந்தும், கால் நோகும்.”

அவர் கையை எடுத்தார். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. பேசாமல் இருந்தது இந்த முறை என்னைக் குத்தவில்லை.

திங்கட்கிழமை அவரும் கூடவே வந்தார். எந்த டெர்மினுக்கும் அவர்தான் கூட்டிப்போவார், அது பழக்கம். கதவடியில் நான், “நீங்கள் இதிலை இருங்கோ,” என்று கதிரையைக் காட்டிவிட்டு உள்ளே போனேன். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தேன். அவர் எழும்பி நின்றார்.

“என்ன கேட்டவை?”

“வழி கண்டுபிடிக்க வருமோ எண்டு கேட்டவை.”

“நீர் என்ன சொன்னீர்?”

“வராது எண்டு சொன்னன். பிழைவிடுவன், பிறகு திரும்பிப் போய்ச் சரியான வழியாலை வருவன் எண்டு சொன்னன்.”

அவர் கதிரையில் வைத்திருந்த கார்ச் சாவியை எடுத்தார்.

“பிறகு?”

“நாளையிண்டைக்கு விடிய ஆறு மணிக்கு வேலை பழக வரட்டாம்,” என்றேன்.